மூன்று நாள் காலியாகத் தெரிந்த கேப்ச்சர் ஃபைல்

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு ஒருவழியாகப் பிடிபட்டது. காசிமேட்டில் மீன் வியாபாரம் பார்க்கும் சித்தப்பா ஓரங்கட்டிய டிஜிட்டல் தராசு, சீரியல் போர்ட்டில் (தரவை ஒவ்வொரு பிட்டாக வரிசையாக அனுப்பும் ஒன்பது பின் இணைப்பில்) அனுப்பும் எடையெல்லாம் இப்போது என் லேப்டாப்பில் ஃபைலாக இருக்கிறது.

ஒயரிங்கில் பெரிய கதை இல்லை. 2, 3 பின்களை மாற்றிச் சால்டர் வைத்தேன். வேகம் 2400 பாட், அதாவது நொடிக்கு 2400 பிட்; அமைப்பு 8என்1, அதாவது 8 பிட் தரவு, பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். சீரியல் போர்ட்டில் வருவதைத் திரையில் காட்டும் மினிகாம் புரோகிராமைத் திறந்ததுமே எடை ஓட ஆரம்பித்தது.

படுத்தியது கேப்ச்சர்தான், அதாவது வருவதை ஃபைலில் பதிந்துவைப்பது. கண்ட்ரோல்-ஏ, எல் அழுத்தி ஃபைல் பெயர் கொடுத்து, அரை மணி நேரம் ஓடவிட்டேன். அப்புறம் ஃபைலைத் திரையில் காட்டும் 'கேட்' கட்டளை போட்டுப் பார்த்தால் ஒன்றுமே இல்லை, அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் ப்ராம்ப்ட் மட்டும் நிற்கிறது. காலி என்று நினைத்து அழித்துவிட்டேன். மறுநாளும் அதே கதை. யுஎஸ்பி-சீரியல் கேபிள்மேல் சந்தேகம் வந்து, ராயபுரத்திலிருந்து ரிச்சி ஸ்ட்ரீட் போய் சிஹெச்340 சிப் வைத்த இன்னொன்று வாங்கி வந்தேன். அதிலும் காலி.

மூன்றாவது முறை அழிப்பதற்கு முன், ஃபைல் அளவைக் காட்டும் 'எல்எஸ் -எல்' அடித்தேன். 57,600 பைட்! வரியை எண்ணச் சொன்னால் பூஜ்யம். ஃபைலில் உள்ள ஒவ்வொரு பைட்டையும் காட்டும் 'ஓடி -சி' போட்டதும் விஷயம் வெளியே வந்தது. தராசு ஒவ்வொரு எடைக்கும் பின்னால் கேரேஜ் ரிட்டர்ன், அதாவது 13 என்ற எண் கொண்ட குறியீடு, மட்டும்தான் அனுப்புகிறது. லைன் ஃபீட், அதாவது 10 என்ற குறியீடு, வருவதே இல்லை. பழைய டெலிபிரிண்டரில் தலை இடது ஓரத்துக்குத் திரும்புவது ஒன்று, தாள் ஒரு வரி ஏறுவது இன்னொன்று. இங்கே தலை திரும்புகிறது, தாள் ஏறவில்லை. 7,200 எடையும் ஒரே வரியில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்டு, கடைசி எடைமேல் ப்ராம்ப்ட் வந்து உட்கார்ந்துவிட்டது.

'டிஆர்' கட்டளையில் 13-ஐ 10 ஆக மாற்றினேன், அவ்வளவுதான். ஒரு எடைக்கு 8 பைட், நொடிக்கு 4 எடை, 1800 நொடி. கணக்கு அச்சாக நின்றது, ஒன்றுகூட விடுபடவில்லை. நடுவில் சித்தப்பா வைத்துப் பார்த்த வஞ்சிரம் 3.450 என்று வரிசையாக நிற்பதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம்.

கண்ட்ரோல்-ஏ, ஏ அழுத்தினால் மினிகாமே திரையில் லைன் ஃபீட் சேர்த்துக் காட்டும். ஆனால் ஃபைலில் வந்தது வந்தபடியே இருக்கட்டும், மாற்றுவதைப் பிரதியில் செய்துகொள்ளலாம் என்பது என் கட்சி.

அடுத்து ஒவ்வொரு எடைக்கும் நேரம் சேர்க்க வேண்டும். அதை முடிப்பதற்குள் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்றைக் கடையிலேயே மாட்டிவிடலாமா என்று மனசு ஓடுகிறது. கடல் காற்றில் அந்த ஒன்பது பின் கனெக்டர் இப்போதே பச்சை பூத்திருக்கிறது, முதலில் அதைச் சுத்தம் செய்ய வேண்டும்.