செக்ரோலில் இடமில்லாத குறிப்புகள்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் ஆள் கணக்குக்குச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு உண்டு, உரத்துக்கும் மருந்துக்கும் ஸ்டாக் புத்தகம் உண்டு. மேற்பார்வை பார்ப்பவரின் சட்டைப்பை நோட்டு, இவற்றில் கட்டம் இல்லாத விஷயங்களுக்கு: எந்தக் காட்டில் (தோட்டப் பகுதியில்) செடி மஞ்சளடிக்கிறது, நிழலுக்கு நிற்கும் எந்தச் சில்வர் ஓக் சாயப் பார்க்கிறது, மேஸ்திரி போகிற போக்கில் என்ன சொன்னார். ஆள் கணக்கை இதிலும் எழுத ஆரம்பித்தால் ஒரே நாளுக்கு இரண்டு எண்கள் வரும், சம்பளத்தன்று வாக்குவாதம்தான்.

எழுதுவதில் யாருக்கும் சிரமமில்லை. எட்டு மாதம் கழித்துத் தேடும்போதுதான் நோட்டு கைவிடுகிறது. எழுதுவது தேதி வாரியாக, தேடுவதோ காடு வாரியாக. ‘போன வருஷம் கிணத்துமேட்டில் தண்டுத் துளைப்பான் எந்தப் பக்கம் இருந்தது?’ என்றுதான் கேள்வி வரும். ஆகவே புது நோட்டுக்கு முதலில் பக்க எண் போட்டு, கடைசி நான்கு பக்கங்களைக் காட்டுப் பெயர்களுக்கு ஒதுக்க வேண்டும். குறிப்பு எழுதிய கையோடு அந்தப் பெயருக்கு நேரே பக்க எண்ணும் ஏறட்டும். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது ஏறவே ஏறாது. பெயர், ஆட்கள் வாயில் புழங்குகிற பெயராக இருப்பது நல்லது. பிளாக் எண்ணை அலுவலகம் மாற்றும், கிணத்துமேடு மாறாது.

வலது பக்கம் அன்றைய குறிப்பு, இடது பக்கம் பிற்பாடு நடந்ததை எழுதக் காலி. காப்பித் தண்டைக் குடையும் துளைப்பான் வண்டு ஏப்ரல்–மே மாதங்களிலும் அக்டோபர்–டிசம்பரிலும் பறக்கும். அதற்கு முன்பே தண்டு தண்டாகப் பார்த்துக் குறித்த செடியைப் பிடுங்கி எரித்தார்களா, அந்தக் குழியில் நாற்று வைத்தார்களா என்பதெல்லாம் இடது பக்கத்துக்கு. அது வெறுமையாகக் கிடந்தால் வேலை பாக்கி என்று புரட்டியதுமே தெரியும். வண்ண வண்ணப் பேனாக்கள் செய்யாத வேலை இது.

அதிகம் குழம்புவது மழைக் கணக்கு. காலையில் அளப்பது முந்தைய 24 மணி நேர மழை. அதை ஒருவர் பெய்த தேதியிலும் இன்னொருவர் அளந்த தேதியிலும் எழுதினால், காப்பியைப் பூக்க வைக்கும் பூ மழைக்குப் பிறகு எத்தனையாம் நாள் பூ விரியும் என்கிற கணக்கு ஒரு நாள் தள்ளிப்போகும். அலகும் கட்டாயம் வேண்டும். பழைய ஆட்கள் ‘நாப்பது சென்ட்’ என்றால் 0.40 அங்குலம், அதாவது சுமார் 10 மில்லிமீட்டர். வெறும் 40 என்று எழுதியதை அடுத்தவர் மில்லிமீட்டர் என்று படித்தால் மழை நான்கு மடங்காகிவிடும்.

பனிமூட்டத்தில் ஜெல் பேனா எழுத்து கரைந்து ஓடும், பென்சில் போதும். போன் படம் செடியைக் காட்டும், எந்தக் காடு என்று சொல்லாது. முதலில் நோட்டுப் பக்கத்தை ஒரு படம், அடுத்து செடியை ஒரு படம் எடுத்தால் இரண்டும் சேர்ந்தே நிற்கும்.

எழுதி முடித்த நோட்டை மலையில் திறந்த அலமாரியில் வைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் காய வைத்து, அட்டையில் ஆண்டை எழுதி, மூடி இறுகும் தகர டப்பாவில் போட வேண்டும்.