விசாவுக்கு யார் காசு கொடுப்பது?

வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் தொழிலில் ஒரு விநோதம் உண்டு. வேலைக்கு ஆள் கேட்பது சவுதியிலோ கத்தாரிலோ இருக்கிற கம்பெனி. ஆனால் காசைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் நிற்பது, நகையை அடகு வைத்துவிட்டு பட்டுக்கோட்டையிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ ராத்திரி பஸ் ஏறி வந்த பையன். சென்னையில் இந்தத் தொழிலில் பல வருடம் இருந்திருக்கிறேன். நேர்காணலுக்கு உள்ளே வந்ததும் "எவ்வளவு சார் கட்டணும்?" என்று ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். என்ன வேலை, எந்த ஊர், எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் அப்புறம்தான், அதுவும் நாம் எடுத்துக்கொடுத்தால்.

சட்டத்தில் இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. 1983-ஆம் ஆண்டு குடியகல்வுச் சட்டப்படி, மத்திய அரசிடம் பதிவு செய்து உரிமம் வாங்காத எந்த ஏஜென்சியும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது. உரிமம் உள்ள ஏஜென்சி ஒருவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. ரசீதும் கொடுக்க வேண்டும். சப் ஏஜென்ட் என்று ஒரு ஆளைச் சட்டத்துக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பக்கம் சட்டம் இன்னும் கறார். ஆளை வரவழைக்கும் செலவு, இகாமா என்கிற தங்கும் அனுமதி, வேலை அனுமதி, அவற்றைப் புதுப்பிப்பது, ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்ப டிக்கெட் எல்லாமே முதலாளி தலையில்தான் என்கிறது சவுதி தொழிலாளர் சட்டத்தின் 40-ஆவது பிரிவு. ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் நேராகவும் வாங்கக் கூடாது, சுற்றி வளைத்தும் வாங்கக் கூடாது என்று அமீரகமும் 2021-இல் கொண்டுவந்த சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறது.

அப்படியானால் பையன் கட்டும் ஒன்றரை லட்சம் எங்கிருந்து வருகிறது? அங்கேயிருக்கும் கம்பெனியில் விசாவைக் கையில் வைத்திருக்கும் யாரோ ஒருவர் தலைக்கு இவ்வளவு என்று விலை வைக்கிறார். இங்கே ஒரு ஏஜென்சி அதை வாங்குகிறது. ஊரில் ஆள் பிடித்துத் தரும் சப் ஏஜென்ட் அந்த விலையில் தன் பங்கை ஏற்றுகிறார், அவருக்குக் கீழே டீக்கடையில் உட்கார்ந்து பேர் எழுதிக்கொள்பவரும் ஒரு பத்தாயிரம் ஏற்றுகிறார். எல்லாம் சேர்ந்து கடைசியில் பையன் தலையில் விடியும். இதில் எதற்குமே ரசீது கிடையாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும். நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வாங்கினால் மாத வட்டி மட்டும் 4,500. சம்பளம் 1,200 ரியால், ரியாலுக்கு 22 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 26,400 வருகிறது. சாப்பாடு சொந்தச் செலவு என்றால் 300 ரியால் போய்விடும், அது 6,600. போன், சோப்பு, அது இது என்று ஒரு ஆயிரம். வீட்டுக்கு 8,000 அனுப்பி, வட்டியும் கட்டினால் மிச்சம் 6,300. ஊர் வட்டிக்காரர் அசலைத் துண்டு துண்டாக வாங்கமாட்டார், மொத்தமாகத்தான் வாங்குவார். 6,300-ஐச் சேர்த்துச் சேர்த்து ஒன்றரை லட்சம் ஆக 24 மாதம். ஒப்பந்தமும் இரண்டு வருடம்தான். ஆக, முதல் இரண்டு வருடம் அவன் உழைத்தது அங்கே போய்ச் சேர்ந்ததற்கான செலவை அடைக்க மட்டும்தான். இடையில் உடம்புக்கு முடியாமல் போனாலோ ஓவர்டைம் இல்லாமல் போனாலோ இந்தக் கணக்கும் நிற்காது.

காசு போவதைவிடப் பெரிய கேடு வேறொன்று. கடனோடு போனவனால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. கையெழுத்துப் போட்டது எலக்ட்ரீஷியன் வேலைக்கு, இறங்கியதும் ஹெல்பர் வேலை என்பார்கள். 1,500 என்று எழுதியிருந்ததை 1,000 என்று மாற்றி, அரபியில் ஒரு தாளை நீட்டுவார்கள். கடன் இல்லாதவன் "ஊருக்கு அனுப்பு" என்று உட்கார்ந்துவிடுவான். வட்டி ஓடிக்கொண்டிருப்பவன் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போடுவான். பொறுப்பான ஆள்தேர்வு என்று கருத்தரங்குகளில் ஆயிரம் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் அதில் முக்கால்வாசி இந்த ஒரு கேள்விதான்: வேலைக்குப் போகிறவன் கையிலிருந்து காசு போனதா இல்லையா.

சரி, காசே வாங்காமல் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அங்கேதான் வேடிக்கை. செலவு முழுவதையும் தாங்களே ஏற்றுக்கொள்ளும் கம்பெனிகள் சில உண்டு. அப்படி ஒரு கம்பெனிக்கு ஆள் எடுத்தபோது விளம்பரத்தில் பெரிய எழுத்தில் 'கட்டணம் இல்லை' என்று போட்டோம். கூட்டம் குறைந்துவிட்டது. காசு கேட்காத ஏஜென்சி நிச்சயம் ஏமாற்றும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. வந்தவர்களிலும் பாதிப் பேரிடம் எங்கள் பெயரைச் சொல்லி வேறு யாரோ ஏற்கெனவே வசூல் பண்ணியிருந்தார்கள்.

கடைசி நேர்காணலில் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்போம்.

"தம்பி, யாருக்காவது காசு கொடுத்தீங்களா?"

"இல்ல சார்."

"இந்த வேலை இருக்குன்னு யார் சொன்னா?"

"பேப்பர்ல பார்த்தேன் சார்."

"எந்தப் பேப்பர்?"

பதில் வராது. கண் ஜன்னல் பக்கம் போகும். கீழே டீக்கடையில் அவனைக் கூட்டிவந்த ஆள் நிற்பான். 'காசு கொடுத்தேன்னு சொன்னா செலக்‌ஷன் போயிடும்' என்று பாடம் நடத்தித்தான் மேலே அனுப்பியிருப்பான். நேரடியாகக் கேட்டால் உண்மை வராது என்று தெரிந்தபின் கேள்வியை மாற்றிக்கொண்டோம். ஊரிலிருந்து எத்தனை பேர் சேர்ந்து வந்தீர்கள், பாஸ்போர்ட் இப்போது யார் கையில் இருக்கிறது, மெடிக்கலுக்கு யார் கூட்டிப்போனார்கள் என்று விசாரித்தால் ஆள் யார் என்று தானாகத் தெரிந்துவிடும். உண்மையான தொகை தெரிவது அவர்கள் அங்கே போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் கழித்து. முதல் சம்பளம் வாங்கியபின் போன் போட்டுக் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். விமானம் ஏற்றியதோடு வேலை முடிந்தது என்று நினைக்கும் ஏஜென்சிக்கு இது கடைசிவரை தெரியாது. 2022 உலகக் கோப்பை வேலைகளின்போது அதன் ஏற்பாடுகளைக் கவனித்த கத்தாரின் சுப்ரீம் கமிட்டி ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஊரில் கட்டிய பணத்தை ஒப்பந்தக் கம்பெனிகளே தொழிலாளிக்குத் திருப்பித் தரவேண்டும், அதற்கு ரசீது கேட்கக் கூடாது. ரசீது இல்லாமல் நடக்கும் வசூலுக்கு ரசீது கேட்டால் யாரிடம் இருக்கும்? இந்தத் தொழிலை உள்ளே இருந்து பார்த்த யாரோ எழுதிய விதி என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை தேடுகிறவர்கள் பக்கமும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொய் அனுபவச் சான்றிதழ் வாங்கி வராதீர்கள். வேலையைச் செய்து காட்டச் சொல்லும் டிரேட் டெஸ்டில் அது பத்து நிமிடம்கூடத் தாங்காது. பைப் வெல்டருக்கு 6ஜி டெஸ்ட் என்றால் பைப்பை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்தியிருப்பார்கள். பைப்பைத் திருப்பக் கூடாது, வெல்டர்தான் குனிந்து நிமிர்ந்து சுற்றி வரவேண்டும். அனுபவம் உள்ளவர் உடனே வெல்டிங்கை ஆரம்பிக்கமாட்டார். இரண்டு பைப்புக்கும் நடுவே இடைவெளி சரியா என்று பார்ப்பார், அவற்றைப் பிடித்து நிறுத்த டேக் அடித்த (சின்னதாக வெல்டு வைத்த) இடத்தைக் கிரைண்டரால் தேய்த்து மெலிதாக்கிக்கொள்வார், அப்புறம்தான் ஹோல்டரை எடுப்பார். எட்டு வருட அனுபவம் என்று சீட்டு கொண்டுவந்தவர் வந்ததும் இணைப்பை விட்டுவிட்டு பைப்பின் மேல்பரப்பிலேயே ஒரு பொறி தட்டுவார். அங்கேயே முடிந்தது. இரண்டு வருட அனுபவத்தை இரண்டு என்றே சொல்லியிருந்தால் வெல்டர் ஹெல்பராகவோ சாதாரண பிளேட் வெல்டிங்குக்கோ எடுத்திருப்போம். பொய் சொன்னவரை அதற்கும் எடுக்க மனம் வராது.

பாஸ்போர்ட் விஷயம் தனி எரிச்சல். பையன் வேறு ஏஜென்சிக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே முதல் நாளே வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் ஆபீஸ்கள் நிறைய. விசா வராமல் ஆறு மாதம் ஓடிவிடும். திருப்பிக் கேட்டால் 'கேன்சலேஷன் சார்ஜ்' என்று ஒன்று முளைக்கும். தேர்வுக்கு நகல் போதும். விசா ஸ்டாம்பிங்குக்கு அசல் தேவை, அப்போது எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். வேலை இல்லை என்றால் இல்லை என்று அதே வாரத்தில் சொல்லிவிடுவதுதான் ஒரு ஏஜென்சி செய்யக்கூடிய பெரிய உதவி. 'வரும், வரும்' என்று சொல்லியே எத்தனையோ பேரின் உள்ளூர் வேலையைக் கெடுத்திருக்கிறார்கள்.

சம்பளத்தைப் பற்றி ஒரே ஒரு எண்ணைச் சொன்னால் நம்பாதீர்கள். '1,800 ரியால்' என்பதில் அடிப்படை 1,000, சாப்பாட்டுக்கு 300, மிச்சம் தினமும் இரண்டு மணி நேர ஓவர்டைம் என்று இருக்கும். ஓவர்டைம் இல்லாத மாதம் என்ன வரும் என்று கேளுங்கள். வேலை முடிவில் கிடைக்கும் பணிக்கொடையும் பல நாடுகளில் அடிப்படையை வைத்துத்தான் ஓடும்.

'இப்போதைக்கு விசிட் விசாவில் போங்க, அங்கே மாத்திக்கலாம்' என்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். விசிட் விசாவில் வேலை பார்ப்பது அங்கே குற்றம், மாட்டுவது நீங்கள்தான், அவர் இல்லை. 'ஃப்ரீ விசா' என்பதும் ஏறத்தாழ அதே ரகம். பெயருக்கு ஒரு ஸ்பான்சர், வேலை வேறெங்கோ. படித்த பிள்ளைகளுக்கு ஆபத்து வேறு திசையில் இருக்கிறது. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பலிடம் 2022-இல் சிக்கியவர்களில் தமிழ்நாட்டுப் பையன்களும் இருந்தார்கள். பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட் ஈசிஆர் வகை, அதாவது குடியகல்வு அனுமதி தேவைப்படும் வகை. குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்கள் குடியகல்வுப் பாதுகாப்பாளர் அலுவலகத்தின் அனுமதி வாங்கியாக வேண்டும், பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் கட்டாயம். 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு, இரண்டு வருடத்துக்கு பிரீமியம் 275 ரூபாய்தான். டிகிரி முடித்தவருக்கு இந்தத் தடுப்பு எதுவும் இல்லை. யாரும் நிறுத்திக் கேட்கமாட்டார்கள் என்பதால் அவர்தான் இரட்டிப்பாக விசாரிக்க வேண்டும்.

மத்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் உரிமம் உள்ள ஏஜென்சிகளின் பட்டியல் இருக்கிறது. பெயரோடு முகவரியையும் உரிமம் இன்னும் செல்லுபடியாகிறதா என்பதையும் பாருங்கள், ஏனென்றால் நல்ல ஏஜென்சியின் பெயரை வைத்தே போலிகள் கடை போடுகிறார்கள். கிண்டியில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லிருந்து இருக்கிறது, அங்கே ஒருமுறை பதிந்து வைப்பதில் நஷ்டமில்லை. கிளம்பும் முன் பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், காப்பீடு, கட்டிய பணத்துக்கான ரசீது எல்லாவற்றையும் நகல் எடுத்து வீட்டில் ஒரு செட் கொடுத்துவிட்டுப் போங்கள். ஒப்பந்தத்தைப் போட்டோ எடுத்து மனைவியின் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். அங்கே ஏதாவது கோளாறு என்றால் வீட்டார் கூப்பிட வேண்டியது 1800 11 3090, மத்திய அரசின் இலவச உதவி எண். தூதரகமாக இருந்தாலும் சரி, இந்த எண்ணில் பேசுபவராக இருந்தாலும் சரி, முதலில் கேட்பது அந்த ஒப்பந்தத்தைத்தான்.