மாடாயிப்பாறையில் குப்புறப் படுத்த காலை

கண்ணூரில் இறங்கும்போதே மழை. ஓணத்துக்கு முந்தைய வாரம் என்பதால் ரயிலில் நிற்க இடமில்லை, கேமராவைச் சுற்றி வைத்திருந்த துண்டு வரைக்கும் ஈரம். பழையங்காடிக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து ஆட்டோவில் மேட்டில் ஏறினால் சட்டென்று மரங்கள் தீர்ந்துபோய் வெட்டவெளி வருகிறது. அதுதான் மாடாயிப்பாறை. செம்புரைக்கல் மேடு, தூரத்தில் ஏழிமலை. மழைக்காலத்தில் பாறைக் குழிகளில் தண்ணீர் தேங்கி, காக்காப்பூ பூத்துத் தரையே நீலமாகிவிடுகிறது. வருகிறவர்கள் எல்லோரும் அந்த நீலத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

நான் போனது அழுகண்ணிக்காக. சித்த வைத்தியத்தில் தொழுகண்ணி என்ற இன்னொரு மூலிகையோடு சேர்த்தே சொல்வார்களே, அதுதான். டிரொசீரா இனத்துச் செடி. இங்கே இருப்பது டிரொசீரா இண்டிகா. நூல் மாதிரி இலை, இலை முழுக்கச் சிவப்பு ரோமம், ஒவ்வொரு ரோமத்தின் நுனியிலும் ஒரு துளி. அழுகிற மாதிரிதான் இருக்கும், ஆனால் அது தண்ணீர் இல்லை, பசை. இந்தப் பாறை மண்ணில் நைட்ரஜன் குறைவு, அதனால் அது ஒட்டிக்கொள்கிற பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. பக்கத்தில் சாதுவாக நிற்கிற காக்காப்பூவும் அதே ரகம்தான், மண்ணுக்குள் குட்டிக் குட்டிப் பைகளை வைத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத உயிர்களை உறிஞ்சுகிறது.

அரைமணி நேரம் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. குனிந்தபடியே நடந்துகொண்டிருந்த என்னைப் பார்த்து, மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "எந்தா மோனே, வல்லதும் களஞ்ஞு போயோ?" என்றார். எதையாவது தொலைத்துவிட்டாயா என்று கேட்கிறார். இல்லை சேட்டா, செடி தேடுகிறேன் என்று தமிழும் மலையாளமும் கலந்து சொல்லிவிட்டுக் காலை எடுத்து வைக்கப் பார்த்தால், செருப்புக்கு நான்கு விரல்கடை தள்ளி சிவப்பாக ஒரு கூட்டமே நிற்கிறது. எத்தனையை மிதித்தேனோ தெரியாது. அதற்கப்புறம் ஒவ்வொரு அடியும் பார்த்துப் பார்த்துத்தான்.

கையில் இருந்தது சோனி ஏ6400, அதில் அடாப்டர் போட்டு மாட்டிய பழைய நிக்கான் 55 எம்எம் மைக்ரோ லென்ஸ். மிரர்லெஸ்ஸில் எனக்குப் பிடித்ததே இதுதான். வியூஃபைண்டருக்குப் படத்தைத் திருப்பிவிடும் கண்ணாடி உள்ளே இல்லாததால் லென்ஸ் மாட்டுகிற வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவே வெறும் 18 மிமீ. நிக்கானின் பழைய லென்ஸ்களுக்கு அது 46.5 மிமீ, மிச்ச இடத்தை அடாப்டர் நிரப்பிவிடும். லென்ஸ் தனியாக 1:2 வரை போகும், அதாவது பொருள் சென்சாரில் பாதி அளவில் விழும், நடுவே 27.5 மிமீ வெற்றுக் குழாய் ஒன்றைச் சேர்த்தால் 1:1, நிஜ அளவு. (இந்தப் பழைய லென்ஸ் மாட்டியிருப்பது கேமராவுக்குத் தெரியாது, லென்ஸ் இல்லாவிட்டாலும் ஷட்டர் விழட்டும் என்று மெனுவில் மாற்ற மறந்துவிட்டு, கேமரா கெட்டுவிட்டது என்று பத்து நிமிஷம் வேர்த்தது தனிக்கதை.)

திரையை மேலே மடக்கி உட்கார்ந்தபடி எடுக்கலாம் என்று போட்ட கணக்கு மேகம் விலகியதும் போனது, வெளிச்சத்தில் திரையில் என் முகம்தான் தெரிந்தது. சரி என்று சாக்கை விரித்துக் குப்புறப் படுத்து, கேமராவை ஒரு கிலோ அரிசிப் பையின் மேல் வைத்துக்கொண்டேன். டிரைபாடைவிட இது எவ்வளவோ மேல், அமுக்கினால் அமுங்கும், வேலை முடிந்ததும் சமைக்கலாம். கூர்மையான விளிம்புகளைத் திரையில் நிறம் பூசிக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கை நம்பிப் பிரயோஜனமில்லை. துளிகள் எல்லாம் மின்னுவதால் எல்லாமே ஃபோகஸில் இருப்பதாக அது சத்தியம் செய்யும். பெரிதாக்கிப் பார்த்து, மூச்சைப் பிடித்து, உடம்பை முன்னும் பின்னும் ஒரு மயிரிழை அசைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. 1:1-இல் லென்ஸ் துளையை எஃப்/8-இல் வைத்தால் கூர்மையாக விழும் ஆழம் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். துளையை இன்னும் சுருக்கி எஃப்/16-க்குப் போகலாமே என்றால், அந்த நெருக்கத்தில் அது நடைமுறையில் எஃப்/32 ஆகிவிடும், படம் முழுக்கச் சோப்பு போட்ட மாதிரி மழுங்கும்.

இதையெல்லாம்விடப் பெரிய எதிரி காற்று. கடற்பக்கத்து மேடு, நிற்கவே நிற்காது. குடையை விரித்துப் பக்கத்தில் சாய்த்தேன், கொஞ்சம் அடங்கியது, வெயிலையும் மறைத்தது. அது முக்கியம், ஏனென்றால் நேர் வெயிலில் ஒவ்வொரு துளிக்குள்ளும் ஒரு குட்டிச் சூரியன் வெள்ளையாக வெடித்து நிற்கிறது. சத்தமில்லாத ஷட்டரில் எடுத்த முப்பது படங்களும் குப்பை, சென்சாரை வரிவரியாகப் படிப்பதற்குள் இலை ஆடிவிடுவதால் நேரான ரோமம் வளைந்து விழுகிறது. சாதாரண ஷட்டர், 1/250, ஐஎஸ்ஓ 1600. அதில்தான் ஏதோ தேறியது.

ராத்திரி கண்ணூர் லாட்ஜில் லேப்டாப்பைத் திறந்தேன். காற்றில் நின்றுகொண்டு குழாயை மாற்றிய புத்திசாலித்தனத்துக்கு ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் ஒரு தூசி. ஃபோகஸ் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்த பதினான்கு படங்களை ஹியூகின் மென்பொருளின் கருவியால் நேர்ப்படுத்தி, ஒவ்வொன்றிலும் கூர்மையான பகுதியை மட்டும் எடுத்து ஒரே படமாக்கும் என்ஃப்யூஸில் அடுக்கிப் பார்த்தேன். இலைத்தண்டு அழகாக வந்தது, துளிகள் கெட்டுப்போயின. துளி கண்ணாடி மாதிரி, அதன் விளிம்பு ஒரு படத்தில் கூர்மை, அதற்குள் தெரியும் பின்னணி இன்னொரு படத்தில் கூர்மை. இரண்டையும் ஒட்டினால் ஒவ்வொரு துளியைச் சுற்றியும் பேய் மாதிரி வெள்ளை வளையம். இந்தச் செடிக்கு அடுக்குவது சரிப்படாது என்பது என் முடிவு. அப்புறம் டார்க்டேபிள் என்ற படத்திருத்த மென்பொருளில் ஒற்றைப் படமாக எடுத்துக்கொண்டு நிறத்தோடு மல்லுக்கட்டினேன். வெளிச்ச அளவுகளைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் மொத்தமாகப் பார்த்தால் ஒழுங்காக இருக்கும், சிவப்பை மட்டும் தனியாகப் பார்த்தால் வலது சுவரில் மோதி நிற்கும், ரோமங்கள் குங்குமத்தை அப்பின மாதிரி திட்டுத்திட்டாகிவிடும். எக்ஸ்போஷரைக் குறைத்து, சிவப்பின் செறிவையும் இறக்கியதும்தான் ஒவ்வொரு ரோமமும் தனித்தனியாகப் பிரிந்தது.

அப்படி நூறு சதவீதம் பெரிதாக்கி வைத்திருந்தபோதுதான் பார்த்தேன், இடது ஓரத்துத் துளியில் எள்ளைவிடச் சின்ன ஈ ஒன்று, ஒரு காலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு. எடுக்கும்போது அது அங்கே இருந்ததே எனக்குத் தெரியாது. ஃபோகஸ் அதன் மேல் இல்லை, பக்கத்துத் துளியின் மேல்.

மறுநாள் விடிந்ததும் அதே குழிக்குப் போனேன். ஈ இருந்த இலையைக் கண்டுபிடிக்க முடியவில்லை, வேறொரு செடியில் இளஞ்சிவப்பாக ஒரு பூ விரிந்திருந்தது. குடை முதுகில், அரிசிப் பை முன்னால். அறுபது படம் எடுத்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை, காற்று.