22ஆவது நிமிடத்தில் நின்ற படம்

ஆகஸ்ட் 3, 2024, சனி

மாதத்தின் முதல் சனிக்கிழமை எங்கள் ஆவணப்படக் கூடுகை. கே.கே. நகரில் ஒரு மாடி அறை. நாற்பது பேர் உட்காரலாம், இன்று 19 பேர். வானம் இருட்டிக்கொண்டு வந்ததால் தூரத்தில் இருப்பவர்கள் கிளம்பவில்லை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, புரொஜெக்டரை இரண்டு தடித்த அகராதிகள் மேல் ஏற்றி வைத்தோம்.

வேதாரண்யம் உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய படம். எங்களுக்குப் பழக்கமான அண்ணன் ஒருவர் 2006இல் எடுத்தது, 48 நிமிடம். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து போனவர்கள் உப்பு அள்ளினார்களே, அந்த அகஸ்தியம்பள்ளிப் பக்கம்தான். அந்த நடைப்பயணம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதே மண்ணில் இன்றும் வெயிலில் உப்பு வாருகிறவர்கள் எந்தப் புத்தகத்தில் இருக்கிறார்கள் என்பதுதான் அண்ணனின் கேள்வி.

22ஆவது நிமிடத்தில் டிவிடி நின்றுவிட்டது. பாத்தி வரப்பில் உட்கார்ந்து ஒரு அம்மா பேசிக்கொண்டிருக்கிறார். வாய் பாதி திறந்தபடி அவர் முகம் சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்து அப்படியே நின்றது. துடைத்துப் போட்டோம். வேறு லேப்டாப்பில் போட்டோம். அதே இடம், அதே முகம். அண்ணனிடம் இருந்த கடைசி டிவிடி அதுதான். ஹார்டு டிஸ்க் 2015 வெள்ளத்தில் போய்விட்டது.

ஒருவர்கூட எழுந்து போகவில்லை. அண்ணன் திரைக்கு முன்னால் வந்து நின்று மீதி 26 நிமிடத்தையும் வாயாலேயே சொன்னார். "இப்ப அந்தம்மா எந்திரிச்சுப் போறாங்க, பின்னாடி லாரி சத்தம் கேக்கும்" என்று ஒவ்வொரு ஷாட்டாக. கட்டங்களாக உடைந்த முகம் அவர் சட்டை மேல் விழுந்துகொண்டே இருந்தது. புரொஜெக்டரை அணைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலையில் அண்ணன் போன் செய்தார். பரணில் ஒரு பிஸ்கட் டப்பாவில் அந்தப் படத்தை எடுத்த மினி டிவி (MiniDV) டேப்கள், அதாவது வீடியோ கேமராவில் போடும் சின்ன கேசட்டுகள், 12 இருக்கின்றனவாம். ஓடுமா என்று அவருக்கே தெரியவில்லை. அவற்றைப் போட்டுப் பார்க்கும் கேமராவை விற்றுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அண்ணா சாலைப் பக்கம் ஒரு கவிதை நூல் வெளியீடு. ஏழு பேர் பேசி முடித்து நூலாசிரியர் மைக்கைப் பிடிக்க எட்டே முக்கால் ஆகிவிட்டது. அவர் இரண்டு கவிதைகள் வாசித்தார், அரங்கம் அடங்கிப் போனது. எந்த வெளியீட்டிலும் முதல் அரை மணி நேரம் நூலிலிருந்து வாசிக்க வேண்டும், பேச்செல்லாம் அப்புறம் என்பது என் கட்சி.

கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றபோது டேப் விஷயத்தைச் சொன்னேன். ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் அங்கே இருந்தார். "ஏ.கே. செட்டியார் கதை தெரியுமாம்மா உனக்கு?" என்று ஆரம்பித்தார். 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். மற்றதை அவர்தான் சொன்னார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை படித்த கோட்டையூர்க்காரர். 1937இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போது காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது. அப்போது அவருக்கு வயது 25. காந்தியைப் பலரும் பல நாடுகளில் படம்பிடித்து வைத்திருந்த துண்டுகளைத் தேடித் தேடி 50,000 அடி ஃபிலிம் சேர்த்து, அதை 12,000 அடியாக வெட்டி ஒட்டினார். நிமிடத்துக்கு 90 அடி என்று கணக்குப் போட்டால் இரண்டேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 1940 ஆகஸ்ட் 23 அன்று சென்னை ராக்ஸி தியேட்டரில் வெளியிட்டார்.

"அந்தத் தமிழ்ப் பிரதி இன்னைக்கு இல்லை" என்றார் பேராசிரியர். வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கண்டெடுத்தது பின்னாளில் வந்த ஆங்கிலச் சுருக்கம்தான். கையில் டீ ஆறிப்போனது. உலகமெல்லாம் அலைந்து ஒரு மனிதர் சேர்த்துக் கொண்டுவந்ததை நம் ஊரில் நம்மால் வைத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

ரிச்சி ஸ்ட்ரீட். நான்கு கடைகளில் மினி டிவி என்றதும் கையை விரித்தார்கள். ஐந்தாவது கடை மாடிப்படிக்குக் கீழே. "இருக்குக்கா, ஆனா ப்ளே மட்டும்தான் ஆகும், ரெக்கார்ட் ஆகாது" என்றார் கடைப் பையன். எங்களுக்கு அது போதும். ஆறாயிரம் சொன்னதை நாலாயிரத்து ஐந்நூறுக்குக் கொடுத்தார். கூடுகை உண்டியலில் இருந்தது 3,200, மீதியை நாங்கள் மூன்று பேர் பகிர்ந்துகொண்டோம். கேமராவைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஃபயர்வயர் கேபிள் பக்கத்துக் கடையிலேயே கிடைத்தது. அதைச் செருக ஓட்டை உள்ள லேப்டாப்தான் எங்கும் இல்லை. கடைசியில் தோழி ஒருத்தியின் அப்பா பழைய மடிக்கணினியைத் தேடி எடுத்துத் தந்தார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மூன்று நாளாக ராத்திரியில் டேப் ஓடுகிறது. இதில் அவசரப்படவே முடியாது. ஒரு மணி நேர டேப் என்றால் ஒரு மணி நேரம் ஓடித்தான் கம்ப்யூட்டருக்குள் வரும், டேப்புக்கு 13 ஜிபி. ஒன்பது டேப்கள் சுத்தமாக வந்துவிட்டன. இரண்டில் பூஞ்சை, வெள்ளைப் பொடி மாதிரி. அதைச் செருகினால் கேமராவில் டேப்பைப் படிக்கும் ஹெட்டும் கெட்டுவிடும் என்று அண்ணன் தொடவே விடவில்லை.

ஆறாவது டேப்பில் அந்த அம்மா வந்தார். முகம் முழுசாக. படத்தில் இல்லாத ஒரு இடமும் அதில் இருக்கிறது. பேட்டி முடிந்த பிறகும் கேமராவை நிறுத்த மறந்திருக்கிறார்கள். பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, எம்புட்டு நேரம் வெயில்ல நிப்பே? இப்புடி நெழல்ல வா" என்கிறார். நிழல் என்று அவர் காட்டுவது இரண்டு கம்பில் கட்டிய ஒரு சாக்கு. அதன் கீழே அவரே கொள்ள மாட்டார். அப்படியே நகர்ந்து இடம் விடுகிறார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "இதை எப்படி எடிட்டுல விட்டேன்" என்று ரெண்டு தடவை சொன்னார்.

பன்னிரண்டாவதில் வெறும் காற்றுச் சத்தம்தான்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

ஆபீஸ் முடிந்து புரசைவாக்கம் போனேன். இதே தேதியில் 84 வருடத்துக்கு முன்னால் அந்தப் படம் வெளியான இடத்தில் சும்மா நிற்க வேண்டும்போல் இருந்தது. ராக்ஸி இப்போது இல்லை. ஆடித் தள்ளுபடி முடிந்தும் தெருவில் கூட்டம் குறையவில்லை. பூ விற்ற பெரியவரிடம் கேட்டேன். "ராக்ஸியா? அங்கதாம்மா எம்.ஜி.ஆர். படமா பார்த்துத் தள்ளுனேன்" என்று கையை நீட்டி இடத்தைக் காட்டினார். செட்டியாரின் படத்தைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு, "காந்தியே நடந்து வருவாரா அதுல?" என்றார். ஆமாம் என்றேன். ஒரு முழம் மல்லிகைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

அடுத்த மாதம்வரை பொறுக்க முடியாமல் இன்றே திரையிட்டோம். 34 பேர். போன தடவை வந்த 19 பேரில் 16 பேர் திரும்பி வந்தார்கள், அது பெரிய விஷயம். முதலில் பேராசிரியர், செட்டியார் தன் படம் உருவான கதையை எழுதிய 'அண்ணல் அடிச்சுவட்டில்' நூலிலிருந்து இருபது நிமிடம் வாசித்தார். அப்புறம் படம். அண்ணன் வெட்டியதையெல்லாம் நினைவிலிருந்தே திரும்ப அடுக்கியிருந்தார். பூஞ்சை பிடித்த டேப்களில் இருக்கும் நான்கு நிமிடங்களுக்குப் பதில் கறுப்புத் திரையில் அவர் குரல் மட்டும். 22ஆவது நிமிடம் வந்தபோது என் பக்கத்தில் இருந்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டது தெரிந்தது. அந்த அம்மா பேசி முடித்தார், எழுந்தார், சாக்கு நிழலைக் காட்டினார். அந்த இடத்தை இந்த முறை அண்ணன் விடவில்லை.

விவாதம் ஒன்பதரைவரை போனது. நாகப்பட்டினத்திலிருந்து வந்து இங்கே படிக்கும் ஒரு பெண், அந்த ஊரிலேயே இதைத் திரையிடலாமே என்றாள். பதினெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட அங்கே போட்டுக் காட்டவில்லை என்று அண்ணன் சொன்னார். அவள் தன் மாமாவிடம் பள்ளிக்கூடத்து ஹால் கேட்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

பிரதி வேண்டும் என்று ஐந்து பேர் பென்டிரைவ் நீட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் கிட்டத்தட்ட பத்து நிமிடம் பிடித்தது. நாற்காலிகளை அடுக்கி, கறுப்புத் துணியை மடித்து முடித்த பிறகும் ஐந்தாவது ஓடிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் இரண்டு முறை வந்து பார்த்தார். மூன்றாவது முறை வந்தவர் எங்களோடு உட்கார்ந்துவிட்டார்.