ஞாயிற்றுக்கிழமை வேனும் 1,200 சதுர அடியும்

தாம்பரத்திலிருந்து ஞாயிறு காலை கிளம்பும் இலவச சைட் விசிட் வேனில், முதல்முறை மனை வாங்க வருபவரைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். மடியில் புது ஃபைல், உள்ளே வெள்ளைத்தாள். சைட்டில் இறங்கியதும் போர் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பார், மண்ணைக் கிள்ளி முகர்வார், ஈசானிய மூலையைத் தேடுவார். சர்வே எண்ணை மட்டும் கேட்க மாட்டார். ஏஜென்ட் கோபித்துக்கொண்டால்? மதியம் பிரியாணி வேறு அவர் செலவு.

சர்வே எண் கேட்டதற்குக் கோபிக்கிற ஏஜென்டிடம் மனையே வேண்டாம். உட்பிரிவோடு கேளுங்கள். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் இருந்தால் அரசின் இ-சேவை தளத்தில் பட்டாவையும் எஃப்.எம்.பி. எனும் நில அளவை வரைபடத்தையும் வேனில் உட்கார்ந்தே பார்க்கலாம். பதிவுத்துறை தளத்தில் வில்லங்கத்தை, அதாவது நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரத்தை (ஈ.சி.) பார்ப்பதும் இலவசம்தான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 112/3 என்ற நிலம் பிரிந்து 112/3ஏ2 ஆகியிருக்கும். புது எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் ஈ.சி. சுத்தமாக வரும்; நம்மவர் அதை பிரிண்ட் எடுத்து பூஜையறையில் வைத்துவிடுவார். அடமானமோ 112/3 என்ற பழைய எண்ணில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும். பழைய எண்ணிலும் 30 வருஷத்துக்குத் தேடுங்கள். கிராமம் வேறு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் பார்க்க வேண்டும். அப்படியும் ஈ.சி.யில் எல்லாம் வந்துவிடாது. பதிவாகாத அக்ரிமென்ட், கோர்ட்டில் நடக்கும் பாகப்பிரிவினை வழக்கு, பங்கு இருந்தும் கையெழுத்துப் போடாத மகள் இதெல்லாம் அதில் தெரியாது. தாய்ப் பத்திரத்தையும் (முந்தைய உரிமையாளரின் பத்திரம்) வாரிசுச் சான்றையும் வக்கீலிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பவர் ஏஜென்ட், அதாவது உரிமையாளரிடம் அதிகாரப் பத்திரம் வாங்கியவர் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி. அவர் இறந்துவிட்டால் பொதுவாக பவரும் அதோடு போச்சு.

“அப்ரூவல் அப்ளை பண்ணியாச்சு சார்” என்பார்கள். அப்ரூவல் இல்லை என்று அர்த்தம். லேஅவுட்டுக்கு அனுமதி தரும் அரசு அமைப்புகளான டி.டி.சி.பி. அல்லது (சென்னைப் பெருநகரில்) சி.எம்.டி.ஏ. கொடுத்த எண்ணையும், 8 மனைக்கு மேற்பட்ட புது லேஅவுட் என்றால் ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணையும் வாங்கி, வரைபடத்தில் உங்கள் மனை எண்ணைத் தேடுங்கள். அது பூங்காவுக்கு ஒதுக்கிய இடமாக இருந்தால் பிரியாணிக்கு நன்றி சொல்லிவிட்டு வேனில் ஏறலாம்.

ஃபைலுக்குப் பதில் ஒரு 30 மீட்டர் டேப் கொண்டுபோவது உத்தமம். 30-க்கு 40 மனையில் நாலு பக்கமும் சரியாக இருப்பது போதாது. குறுக்கே இரண்டு மூலைவிட்டமும் 50 அடி வர வேண்டும். ஒன்று 52, மற்றது ஏறக்குறைய 48 என்றால் மனை சாய்ந்து கிடக்கிறது. பரப்பு நாலைந்து சதுர அடிதான் குறையும். ஆனால் நேர் செவ்வகமாக வீட்டு பிளான் போட்டால் ஒரு மூலை பக்கத்து மனைக்குள் எட்டிப் பார்க்கும். அந்த மனைக்காரருக்கு அன்றிலிருந்து உங்களைப் பிடிக்காது.

அடுத்து, கைடு லைன், அதாவது பத்திரப்பதிவுக்கு அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச மதிப்பு. இந்த 1,200 சதுர அடி மனை, சதுர அடி 1,200 ரூபாய் என்றால் விலை 14.4 லட்சம். கைடு லைன் 500 என்று வையுங்கள். “6 லட்சத்துக்குப் பத்திரம் போட்டுக்கலாம், மிச்சம் கேஷ்” என்று காதருகே வந்து சொல்வார்கள். முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 1,29,600-க்குப் பதில் 54,000 கட்டினால் போதுமே என்று மனசு துள்ளும். ஆனால் நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை 6 லட்சம்தான். அந்த 8.4 லட்சமும் உங்கள் லாபக் கணக்கில் ஏறி வரி கேட்கும். பேங்க் லோனும் பத்திர மதிப்பை வைத்துத்தான். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமானவரிச் சட்டப்படி தப்பு என்பதையும் ஏஜென்டுக்கு ஞாபகப்படுத்தலாம். அவருக்கு உடனே போன் வந்துவிடும்.

பதிவு முடிந்ததும் ஊருக்கே ஸ்வீட் கொடுத்துவிட்டு பட்டாவை மறந்துபோகிறவர்கள் ஏராளம். உட்பிரிவு செய்ய வேண்டிய மனை என்றால் சர்வேயர் வந்து அளந்தபிறகுதான் பெயர் மாறும். அதுவரை இ-சேவை தளத்தில் உங்கள் மனைக்கு நேரே விற்றவர் பெயர்தான் இருக்கும்.