தூரிக் கயிறும் டேலியும்

பாப்பாவுக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. இரவு ஒன்றரை மணிக்கு ஒரு கையால் அவளைத் தட்டிக்கொண்டே, மறுகை விரலால் செல்போன் திரையில் ஓர் ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். ஏதோ வெளிநாட்டு மருத்துவமனையின் நோயாளி விவரங்களாம். மொத்தம் 500 படிவங்கள். ஐந்து நாளில் தட்டச்சு செய்து கொடுத்தால் 18,000 ரூபாய். பதிவுக் கட்டணம் எதுவும் கேட்கவில்லை. அதனால்தான் நம்பினேன்.

ஐந்து நாளும் சரியாகத் தூங்கவில்லை. ஆறாம் நாள் 'தரப் பரிசோதனை அறிக்கை' வந்தது. என் வேலையில் 71 சதவீதம்தான் சரியாம், ஒப்பந்தப்படி 95 இருக்க வேண்டுமாம். மென்பொருளைப் பயன்படுத்தியதற்கு 7,200 ரூபாய் கட்ட வேண்டும், தவறினால் வழக்கு. அடுத்த அரை மணியில் சிங்கத் தலை போட்ட வக்கீல் நோட்டீஸ் வாட்ஸப்பில் வந்து நின்றது. கெடு மூன்று மணி நேரம்.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. பனியன் தைக்கிற பிளாட்லாக் மிஷினில் டெய்லர் அவர். சனிக்கிழமைச் சம்பளத்தில் வாரம் ஓடுகிற வீடு எங்களுடையது. கோபியில் பத்திரம் எழுதுகிற பெரியப்பாவுக்கு அந்த நோட்டீஸை அனுப்பினேன். அவர் அதைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. "வேலை பார்த்தது நீ. கூலி கொடுக்க வேண்டியவன் அவன். காசு எந்தப் பக்கம் போகிறது, அம்மிணி?" என்று மட்டும் கேட்டார். பிறகு இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுக்கச் சொன்னார். பணம் போயிருந்தால் முதல் ஒரு மணி நேரத்திலேயே அந்த எண்ணுக்குப் பேசுவது நல்லது. எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. புதிய புதிய எண்களிலிருந்து இரண்டு வாரம் மிரட்டினார்கள், ஓய்ந்துவிட்டார்கள்.

எங்கள் வீதியிலேயே இன்னொருத்திக்கு டெலிகிராம் வழியாகப் பணம் போனது. வீடியோவுக்கு விருப்பக்குறி இட்டால் 150 ரூபாய் என்றார்கள், அது நிஜமாகவே கணக்கில் ஏறியது. 1,000 கட்டினால் 1,300 என்றார்கள், அதுவும் வந்தது. 5,000 கட்டியபோது இன்னும் மூன்று வேலை முடித்தால்தான் எடுக்க முடியும் என்றார்கள். மீதியை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காதில் தோடு மட்டும் மாறியிருந்தது.

பிரசவத்துக்கு முன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆறு வருடம் கணக்குப் பிரிவில் இருந்தேன். அவிநாசியிலிருந்து தினமும் பஸ். 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு சலுகைச் சட்டம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்றது. வேலையின் தன்மை இடம் கொடுத்தால், விடுப்பு முடிந்த பின்னும் வீட்டிலிருந்து பார்ப்பது பற்றி முதலாளியும் ஊழியரும் பேசி முடிவு செய்யலாம் என்றும் அதில் இருந்தது. பேசினேன். கம்பெனிக் கணக்கு வாசற்படி தாண்டக் கூடாது என்று முடித்துவிட்டார்கள். கேட்பதற்கு வழி வைத்த சட்டம், கொடுப்பதை அவர்கள் மனதுக்கு விட்டிருந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் இருந்திருக்க வேண்டிய குழந்தைகள் காப்பகத்தைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

நடுவில் பிசிறு வெட்டினேன். எங்கள் பக்கம் வீட்டு வேலை என்றால் அதுதான். மொபெட்டில் கட்டுக் கட்டாகப் பனியன் வந்து இறங்கும், தையல் முனையில் தொங்கும் நூலைக் கத்தரித்து அடுக்கித் தர வேண்டும். பீசுக்கு 60 பைசா. மோசடி எதுவும் கிடையாது. சனிக்கிழமை எண்ணிக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆனால் பத்தாம் நாள் பாப்பா வாயை மென்றுகொண்டே இருந்தாள். விரலை விட்டு இழுத்தேன். நீல நூல், ஒரு சாண் நீளம், எச்சிலில் நனைந்து வந்துகொண்டே இருந்தது. மிச்சக் கட்டை அன்று மாலையே திருப்பி அனுப்பிவிட்டேன்.

அதன் பிறகு இணையத்தில் தேடுவதை நிறுத்திவிட்டு என் செல்போனில் இருந்த எண்களைத் தேடினேன். ஆறு வருடம் நான் பில் பாஸ் செய்தவர்கள்: நூல் வியாபாரி, நூலைத் துணியாகப் பின்னித் தரும் நிட்டிங்காரர், சாயப்பட்டறை, அட்டைப்பெட்டிக்காரர். பதினோரு பேருக்குப் பேசினேன். கடைசியில் மூன்று இடம் கிடைத்தது. வேலம்பாளையத்தில் ஆறு மிஷின் ஓட்டும் நிட்டிங்காரர், அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரப் பட்டறை, இவர்கள் சொல்லி வந்த காங்கேயத்துத் தேங்காய் உலர்களம் ஒன்று.

இவர்களுக்கும் அந்த 18,000 ரூபாய்க்காரனுக்கும் என்ன வித்தியாசம் என்று பிறகு யோசித்தேன். அவன் என்னைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. பெயர், ஆதார், கையெழுத்து, அவ்வளவுதான். நிட்டிங்காரர் என் மாமனார் யார், பழைய இடத்தில் வேலையை ஏன் விட்டேன், ஜிஎஸ்டி தளத்தின் கடவுச்சொல் என்னிடம் இருந்தால் வேறு யார் பார்ப்பார்கள் என்று குடைந்து எடுத்துவிட்டார். போன மாதத்து பில்களைக் கொடுத்து, டேலி என்கிற கணக்கு மென்பொருளில் ஏற்றிக் காட்டச் சொன்னார். அதில் ஒரு நூல் பில் இரண்டு முறை ஏறியிருந்ததைக் கண்டுபிடித்தேன். மறுநாள் அந்தச் சோதனை வேலைக்கும் சேர்த்து 1,000 ரூபாய் அனுப்பிவிட்டுத்தான் மாதக் கணக்கைப் பேசினார். கேள்வியே கேட்காமல் வேலை தருகிறவரைக் கண்டால் இப்போது எனக்குப் பயம் வருகிறது.

மூன்றும் சேர்த்து மாதம் 7,500. முன்பு வாங்கியது 19,000. வேலை தேதிக் கணக்கில் வரும்: 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரத்தை ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் ஏற்ற வேண்டும், நமக்குச் சரக்குக் கொடுத்தவர்கள் ஏற்றியது 14ஆம் தேதி 2பி பட்டியலில் தெரியும், அதை நம் கொள்முதல் பில்களோடு ஒத்துப் பார்த்து 20ஆம் தேதிக்குள் வரி கட்டும் 3பி படிவம். மாதக் கடைசியில் மூச்சு விடலாம். 'குழந்தையைப் பார்த்துக்கொண்டே வேலை' என்று எழுதுகிறார்களே, அது பொய். தூரி என்று நாங்கள் சொல்லும் தொட்டிலின் கம்பியில் பழைய சேலைக் கிழிசலைக் கட்டி, மறுமுனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே பில் ஏற்றுவேன். ஆட்டம் நின்றால் அவள் கண் திறப்பாள். ஆட்டத்தைக் கவனித்தால் 5,310 என்பது 5,130 ஆகிவிடும். உருப்படியாக நடப்பது அத்தை அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போகும் இரண்டரை மணி நேரத்தில்தான். அந்த இரண்டரை மணி நேரத்துக்கும் மாதாமாதம் அத்தைக்கு 1,000 ரூபாய் கொடுக்கிறேன். முதல் மாதம் கோபித்துக்கொண்டார். இரண்டாம் மாதம் வாங்கிச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார்.

இன்று 9ஆம் தேதி. பாத்திரப் பட்டறையும் நிட்டிங்கும் முடிந்தன. உலர்களத்துக்காரர் பாதி பில்களைத்தான் அனுப்பியிருக்கிறார், அதிலும் இரண்டின் மேல் எண்ணெய்க் கறை. நாளைக்குக் காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை என்று பேப்பரில் போட்டிருக்கிறது. மடிக்கணினி இரண்டு மணி நேரம் தாங்கும். இன்று ராத்திரி பாப்பாவை அத்தை பக்கத்தில் படுக்க வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.