சிவப்பு வட்டம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்கு அருகே ஒரு சரக்கு நிறுவனத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். சேர்ந்த முதல் மாதமே, கன்டெய்னரிலிருந்து சரக்கு இறக்கிய ஆட்களுக்கான செலவை, சென்னையில் எழுதிப் பழகிய கை, ஆங்கில எழுத்தில் 'கூலி' என்று குறித்து அனுப்பிவிட்டது.

கணக்குப் பிரிவின் மூத்த அம்மையார் அந்தத் தாளை என் மேசையில் வைத்தார். சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அலுவலகமே அவரை 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிடும். குடும்பப் பெயரில் மட்டும் தமிழ் மிச்சமிருந்தது.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பாடம் எடுத்தேன். "ஆன்ட்டி, அது நம் தமிழ்ச் சொல். செய்த வேலைக்குக் கொடுக்கும் பணம், அவ்வளவுதான்." (குஜராத்தின் கோலி இனப்பெயரிலிருந்து வந்தது என்போரும் உண்டு. அன்று அது எனக்குத் தெரியாதது நல்லதாயிற்று, அதையும் சொல்லியிருப்பேன்.)

"உங்கள் ஊரில் அது பணத்தின் பெயர். இங்கே அது எங்கள் பெயர்" என்றார்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேருடன் 'ட்ரூரோ' கப்பல் டர்பனை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் ஆள் கொண்டுவருவது 1911இல் நிற்பதற்குள் ஒன்றரை லட்சம் பேர் வந்துவிட்டார்கள். தோட்டத்தில் ஒட்டிய பெயர் தோட்டத்தோடு நிற்கவில்லை. கடை வைத்தவர் கூலி வியாபாரி. 1893இல் வழக்குக்காக வந்த காந்தி கூலி பாரிஸ்டர்.

சில வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டில் பேச்சு தலைமுடிப் பக்கம் திரும்பியது. என் சுருட்டை முடியைத் தடவி 'காப்பிரித் தலையா' என்று கொஞ்சுவார் பாட்டி. அதைச் சொல்ல வாயெடுத்தவன், எதிரே ஜூலு இனத்து மேற்பார்வையாளர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். கறுப்பின மக்கள்மீது அங்கே வீசப்பட்ட வசைகளில் அதைவிடக் கொடியது இல்லை. முழுதாக உச்சரிக்கவும் கூசி, முதலெழுத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். இலங்கையில் புத்தளத்துக்கு அருகே வாழும் ஆப்பிரிக்க வழித்தோன்றல்களுக்கோ அதுவே இனப்பெயர். இந்த விளக்கமும் கைவசம் இருந்தது. ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டேன்.

சென்னை திரும்பிப் பல வருடமாகிறது. லாரி பில்லில் அந்தச் சொல்லைப் பார்த்தால் இன்றும் கை சிவப்புப் பேனாவைத் தேடும். அதற்குள் மூட்டை இறக்கியவர் துண்டை உதறியபடி வாசலில் வந்து நிற்பார்: "சார், கூலி?"